படிகம் தேடியவருக்குக் கிடைத்த பசை

மூளையில் நீர் தேங்கிப் பிறந்த குழந்தையின் தலையிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் மெல்லிய குழாய். காது கேளாதவரின் உட்காதுக்குள் சுருண்டிருக்கும் மின்முனையின் உறை. மூட்டுவாதத்தால் கோணிப்போன விரலுக்குள் வைக்கும் செயற்கை மூட்டு. புற்றுநோய்க்கு மூக்கைப் பறிகொடுத்தவர் காலையில் எழுந்து முகத்தில் பொருத்திக்கொள்ளும் செயற்கை மூக்கு. இந்த நான்கையும் செய்யப் பயன்படும் பொருள் ஒன்றுதான். அது சிலிகோன்.

அந்தப் பெயரை உலகுக்குத் தந்தவர் ஃபிரெடெரிக் ஸ்டான்லி கிப்பிங் என்னும் ஆங்கிலேய வேதியியலாளர். சிலிகோன் வேதியியலின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். ஆனால் இந்தத் தந்தை தம் பிள்ளையை விரும்பி வளர்க்கவில்லை. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இதே துறையில் உழைத்தும், தம் குடுவைகளின் அடியில் தங்கிய பிசுபிசுப்பான பசையை அவர் ஒரு தொல்லையாகவே பார்த்தார். தம் ஆய்வால் பெரும்பயன் விளையும் என்ற நம்பிக்கை ஓய்வு பெறும்போதுகூட அவருக்கு இல்லை. அந்தப் பசை மனித உடலுக்குள் இடம்பிடித்தது எப்படி? கிப்பிங்கின் வாழ்க்கையிலிருந்தே தொடங்குவோம்.

எரிவாயுத் துறையிலிருந்து மியூனிக்குக்கு

கிப்பிங் 1863ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் மான்செஸ்டரில் பிறந்தார். தந்தை பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் பணியாற்றியவர். தாய்வழித் தாத்தா ஓர் ஓவியர். கிப்பிங் பிறந்த அதே ஆண்டில்தான் பாரிஸ் நகரில் சார்ல்ஸ் ஃபிரீடல், ஜேம்ஸ் கிராஃப்ட்ஸ் என்ற இருவர், கார்பனும் சிலிக்கனும் நேரடியாகப் பிணைந்த முதல் சேர்மத்தை உருவாக்கினார்கள். கிப்பிங்கின் வாழ்க்கையை ஆளப்போகும் துறையும் அவரும் ஒரே வயதுக்காரர்கள் என்று சொல்லலாம்.

மான்செஸ்டர் கிராமர் பள்ளியிலும் ஓவன்ஸ் கல்லூரியிலும் படித்த அவர், பின்னர் உள்ளூர் எரிவாயுத் துறையில் வேதியியலாளராக வேலைக்குச் சேர்ந்தார். நிலையான வேலைதான். ஆனாலும் 1886இல் அதை விட்டுவிட்டு ஜெர்மனிக்குப் புறப்பட்டார். அக்காலத்தில் வேதியியலை ஆழமாகக் கற்க நினைத்தவர்கள் ஜெர்மன் மொழியைக் கற்றுக்கொண்டு அங்கேதான் போனார்கள். மியூனிக்கில் அடால்ஃப் ஃபான் பேயரின் ஆய்வகத்தில் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் வில்லியம் ஹென்றி பெர்கின் என்ற இளம் ஆங்கிலேயர். கிப்பிங்கைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்.

இந்தப் பெர்கினின் தந்தையின் பெயரும் வில்லியம் ஹென்றி பெர்கின்தான். அவர் 1856இல் தம் 18ஆம் வயதில் மலேரியாவுக்கு மருந்தான குயினைனைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். மருந்து கிடைக்கவில்லை. குடுவையில் ஒரு கறுத்த கசடுதான் மிஞ்சியது. அதை ஊற்றிவிடாமல் ஆராய்ந்தபோது அதிலிருந்து ஊதா நிறச் சாயம் ஒன்று பிரிந்தது. செயற்கைச் சாயத் தொழில் அந்தக் கசடிலிருந்துதான் பிறந்தது. அப்படிப்பட்டவரின் மகனிடம் பாடம் கற்ற கிப்பிங், பின்னாளில் தம் குடுவையில் தங்கிய பசையை விரும்பவில்லை என்பது வரலாற்றின் ஒரு வேடிக்கை.

1887இல் முனைவர் பட்டம் பெற்ற கிப்பிங், நாடு திரும்பி எடின்பரோவில் உள்ள ஹெரியட்-வாட் கல்லூரியில் பெர்கினுக்கு உதவியாளராகச் சேர்ந்தார். மறு ஆண்டு லில்லி ஹாலண்ட் என்பவரை மணந்தார். லில்லியின் சகோதரி ஒருவரைப் பெர்கின் மணந்தார். இன்னொரு சகோதரியை ஆர்தர் லாப்வொர்த் என்ற வேதியியலாளர் மணந்தார். மூன்று சகோதரிகள், மூன்று வேதியியலாளர்கள். மூவருமே பின்னர் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டியில் உறுப்பினர்கள் ஆனார்கள்.

சகலைகளான பெர்கினும் கிப்பிங்கும் சேர்ந்து எழுதிய கரிம வேதியியல் பாடநூல் 1890களில் வெளிவந்தது. பிரிட்டனிலும் அதன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலும் பல தலைமுறை மாணவர்கள் வேதியியலை அதில்தான் கற்றார்கள். கிப்பிங் என்ற பெயர் அக்காலத்தில் பரவியது சிலிகோனால் அல்ல, இந்தப் பாடநூலால்தான்.

வலக்கையும் இடக்கையும்

லண்டனில் சில ஆண்டுகள் பணியாற்றிய பிறகு, 1897இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் பேராசிரியராகச் சென்றார் கிப்பிங். அதே ஆண்டு ராயல் சொசைட்டி உறுப்பினராகவும் தேர்வானார். ஓய்வு பெறும் வரை அவர் அந்தக் கல்லூரியை விட்டுப் போகவில்லை.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி, தொழிலுக்கோ மருத்துவத்துக்கோ தொடர்பில்லாத ஒன்று. ஒரு கார்பன் அணுவோடு நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்தால், அந்த மூலக்கூறு இரண்டு வடிவங்களில் அமையலாம். நம் வலக்கையும் இடக்கையும் போல ஒன்றின் கண்ணாடிப் பிம்பமாக மற்றொன்று இருக்கும். ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்த முடியாது. ஒன்று ஒளியின் அதிர்வுத் தளத்தை வலப்புறமும் மற்றது இடப்புறமும் திருப்பும். தனிம அட்டவணையில் கார்பனுக்கு நேர் கீழே இருப்பது சிலிக்கன். அதற்கும் நான்கு பிணைப்புக் கைகள். அப்படியானால் சிலிக்கனும் இவ்வாறு இரு வடிவங்களை எடுக்குமா? இதுதான் கிப்பிங்கின் கேள்வி.

விடை காண, சிலிக்கன் அணுவோடு நான்கு வெவ்வேறு தொகுதிகளை ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். பழைய முறைகளில் அது பெரும்பாடு. 1900இல் பிரான்ஸ் நாட்டின் விக்டர் கிரிக்னார்டு மக்னீசியத்தைக் கொண்டு ஒரு புதிய வினைப்பொருளை அறிவித்தார். அதைச் சிலிக்கன் வேதியியலில் முதலில் பயன்படுத்தியவர்களில் கிப்பிங்கும் ஒருவர். அதன் உதவியோடு 1907இல் ஒளியைத் திருப்பும் சிலிக்கன் சேர்மத்தைப் பிரித்துக் காட்டினார். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

ஆனால் போகும் வழியெங்கும் ஒரு தொல்லை அவரைத் தொடர்ந்தது.

பெயர் வந்த கதை

கிப்பிங் பயன்படுத்திய சேர்மங்கள் பலவற்றில் சிலிக்கனோடு குளோரின் இணைந்திருக்கும். அவற்றின்மேல் தண்ணீர் பட்டால் குளோரின் கழன்றுகொள்ளும், அந்த இடத்தில் ஆக்சிஜன் வந்து சேரும். கார்பனாக இருந்தால் அந்த ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பால் ஒட்டிக்கொண்டு கீட்டோன் என்ற சேர்மம் உண்டாகும். ஒரு சிலிக்கன் சேர்மத்தின் வாய்பாடு கீட்டோனின் வாய்பாட்டை ஒத்திருந்ததால், அந்த ஒப்புமையில் 1901இல் சிலிகோன் என்று பெயர் வைத்தார் கிப்பிங்.

வாய்பாடு ஒத்துப்போனதே தவிர, பொருளின் இயல்பு ஒத்துப்போகவில்லை. சிலிக்கன், ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் நிற்க விரும்புவதில்லை. ஓர் ஆக்சிஜன் இரண்டு சிலிக்கன் அணுக்களுக்கு நடுவே பாலமாக நின்றுவிடுகிறது. இப்படிச் சிலிக்கன், ஆக்சிஜன், சிலிக்கன், ஆக்சிஜன் என்று சங்கிலி நீள்கிறது. இந்த வேறுபாடு கிப்பிங்குக்கும் தெரிந்தே இருந்தது. ஆனாலும் சூட்டிய பெயர் நின்றுவிட்டது. கணினிச் சில்லுகளில் இருக்கும் சிலிக்கன் ஒரு தனிமம் என்பதையும், சிலிகோன் அந்தத் தனிமத்தைக் கொண்ட பாலிமர் என்பதையும் மாணவர்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இந்தச் சங்கிலிகள்தான் எண்ணெயாகவும் பசையாகவும் அவருடைய குடுவைகளில் தங்கின. அவர் அவற்றை வெறுத்ததற்குக் காரணம் உண்டு. அன்றைய கரிம வேதியியலாளர் ஒரு பொருளை அடையாளம் காண நம்பியது படிகத்தைத்தான். தூய பொருள் அழகாகப் படிகமாகும், குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையில் உருகும். பசை படிகமாகாது. காய்ச்சி வடிக்கவும் இடம் கொடுக்காது. பாத்திரத்தைக் கழுவினாலும் போகாது. மாபெரும் மூலக்கூறுகள் இருக்கின்றன என்ற கருத்தை ஹெர்மன் ஷ்டவுடிங்கர் ஜெர்மனியில் முன்வைத்ததே 1920இல்தான். அது ஏற்கப்படப் பல ஆண்டுகள் பிடித்தன. பாலிமரைப் பார்க்கும் கண் அன்றைய வேதியியலுக்கே இல்லாதபோது கிப்பிங்கை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

ஆனால் அவர் ஒரு காரியத்தைச் செய்தார். தமக்குப் பிடிக்காத அந்தப் பசை எந்த வினையில், எந்தச் சூழலில், என்ன கலவையிலிருந்து வந்தது என்பதை ஒளிக்காமல் எழுதி வைத்தார். சிலிக்கனின் கரிமச் சேர்மங்கள் குறித்து அவரும் அவருடைய மாணவர்களும் வெளியிட்ட தொடர் கட்டுரைகள் 50க்கும் மேற்பட்டவை. வெற்றிகள் மட்டுமின்றி எதிர்பார்த்தது வராமல் போன இடங்களும் அவற்றில் பதிவாகியிருந்தன.

நம்பிக்கையற்ற விடைபெறல்

1918இல் ராயல் சொசைட்டியின் டேவி பதக்கம் கிப்பிங்குக்குக் கிடைத்தது. 1936இல் ஓய்வு பெற்றார். அந்தச் சமயத்தில் ராயல் சொசைட்டியின் புகழ்பெற்ற பேக்கேரியன் சொற்பொழிவை ஆற்றும் பெருமையும் அவரைத் தேடி வந்தது. அந்த உரை 1937இல் அச்சில் வெளியானது.

தம் வாழ்நாள் ஆய்வைத் தொகுத்துப் பேசிய அந்த மேடையில் அவர் தம்மைப் பெருமைப்படுத்திக்கொள்ளவில்லை. சிலிக்கனின் கரிமச் சேர்மங்கள் கார்பன் சேர்மங்களைப் போலப் பலவகை வினைகளில் ஈடுபடுவதில்லை என்றும், இந்தத் துறையில் விரைவில் பெரிய முன்னேற்றம் வரும் என்ற நம்பிக்கை தமக்கு அதிகம் இல்லை என்றும் கருத்துரைத்தார். எளிதில் வினைபுரியாத அந்த இயல்பை அவர் குறையாகக் கண்டார். மருத்துவர்களுக்குப் பின்னாளில் தேவைப்பட்டது அந்த இயல்புதான்.

பசைக்கு வந்த வாழ்வு

அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தில் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் ஹைட் என்ற வேதியியலாளர் 1930களில் ஒரு சிக்கலோடு போராடிக்கொண்டிருந்தார். மின்மோட்டார்களின் கம்பிகளைச் சுற்றக் கண்ணாடி இழை நாடா இருந்தது. அது வெப்பத்தைத் தாங்கியது. ஆனால் அந்த நாடாவில் பூசும் பிசின் வெப்பத்தில் கருகியது. கண்ணாடியைப் போலத் தாங்கவும் பிளாஸ்டிக்கைப் போல வளையவும் கூடிய ஒரு பொருள் வேண்டும். அதைத் தேடிய ஹைட்டுக்கு வழிகாட்டியவை கிப்பிங்கின் கட்டுரைகள். கிப்பிங் தொல்லை என்று எழுதிய இடங்களில் ஹைட் தமக்கு வேண்டியதைக் கண்டார்.

அடுத்து ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் யூஜீன் ரோச்சோ, 1940இல் மலிவான உற்பத்தி முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். கிரிக்னார்டு முறை ஆய்வகத்துக்கு ஏற்றது, தொழிற்சாலைக்குக் கட்டுப்படியாகாது. ரோச்சோவின் முறையில் சிலிக்கன் தூளையும் மெத்தில் குளோரைடு வாயுவையும் செம்பு வினையூக்கியோடு ஏறக்குறைய 300 பாகை செல்சியசில் சேர்த்தால் போதும். இன்றும் உலகின் சிலிகோன் தொழில் இந்த முறையில்தான் நிற்கிறது. ஜெர்மனியில் ரிச்சர்டு முல்லரும் இதே முறையைத் தனியாகக் கண்டறிந்தார்.

இரண்டாம் உலகப்போர் அவசரப்படுத்தியது. 1943இல் டவ் கார்னிங் என்ற நிறுவனம் சிலிகோனுக்காகவே தொடங்கப்பட்டது. உயரத்தில் பறக்கும் போர் விமானங்களின் எரியூட்டும் கருவிகளில் மின்கசிவைத் தடுக்கும் களிம்புதான் அதன் தொடக்ககால விற்பனைப் பொருள். அப்போது கிப்பிங்குக்கு 80 வயது. 1949 மே 1ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் கடலோரச் சிற்றூரான கிரிக்கெத்தில் 85ஆம் வயதில் காலமானார். பயனில்லை என்று அவர் நினைத்த பொருள் தொழிலாக வளர்வதைக் காணும் அளவுக்கு அவருக்கு ஆயுள் இருந்தது. அது எத்தனை உயிர்களைத் தாங்கப்போகிறது என்பதைக் காணும் அளவுக்கு இல்லை.

ஒரு தந்தையின் அவசரம்

மருத்துவர்கள் சிலிகோனைக் கவனிக்கத் தொடங்கியது 1940களின் நடுவில். சிலிகோன் பூசிய கண்ணாடியில் இரத்தம் எளிதில் உறைவதில்லை. சிலிகோன் பூசிய புட்டியிலிருந்து மருந்து சொட்டு மிச்சமில்லாமல் வழியும். பாஸ்டன் அறுவை மருத்துவர் ஃபிராங்க் லாஹே, பித்தநீர்க் குழாயைச் சரிசெய்யச் சிலிகோன் ரப்பரைப் பயன்படுத்தியதாக 1946இல் தெரிவித்தார்.

உடலுக்குள் நீண்டகாலம் இருக்கும் சாதனமாக அதை நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர் ஜான் ஹோல்டர். அவர் மருத்துவர் அல்லர். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு பூட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த இயந்திரத் தொழில்நுட்பர். 1955இல் பிறந்த அவருடைய மகனுக்கு மூளையில் நீர் தேங்கும் நோய் இருந்தது. நீரை வடிக்கும் குழாய்க்கு ஒரு வால்வு வேண்டும். அழுத்தம் கூடும்போது திறக்க வேண்டும், குறைந்ததும் மூட வேண்டும், இரத்தம் பின்னோக்கி வரக் கூடாது. ரப்பரில் சிறு கீறல் போட்டால் அதுவே வால்வாக வேலை செய்யும் என்பதைக் கண்டார் ஹோல்டர். ஆனால் நீராவியில் வைத்துக் கிருமி நீக்கினாலும் உருக்குலையாத பொருள் வேண்டுமே? அதற்கு விடையாகச் சிலிகோன் கிடைத்தது. 1956இல் அவருடைய வால்வு முதன்முறையாக ஒரு குழந்தைக்குப் பொருத்தப்பட்டது. ஹோல்டரின் மகன் சிறுவயதிலேயே இறந்துபோனான். அவனுக்காகப் பிறந்த வால்வோ உலகெங்கும் எண்ணற்ற பிள்ளைகளைப் பிழைக்க வைத்தது.

1960களில் ஆல்ஃபிரட் சுவான்சன் என்ற அமெரிக்க மருத்துவர் விரல் மூட்டுகளைச் சிலிகோனில் வடிவமைத்தார். 1962இல் ஹூஸ்டன் நகரில் சிலிகோன் மார்பகம் முதன்முதலில் பொருத்தப்பட்டது. இதயமுடுக்கியின் கம்பி உறை, உட்காது மின்முனை என்று பட்டியல் நீண்டது.

மணலிலிருந்து மூக்கு வரை

இனி, அந்தப் பசை உறுப்பாக மாறும் வழியைப் பார்ப்போம். குவார்ட்ஸ் கல்லை மின் உலையில் கார்பனோடு சேர்த்து உருக்கிச் சிலிக்கனைப் பிரிக்கிறார்கள். ரோச்சோ முறையில் அது குளோரின் கொண்ட பல திரவங்களின் கலவையாகிறது. அவற்றுள் முக்கியமான மூன்றின் கொதிநிலைகள் 57, 66, 70 பாகை செல்சியஸ் அளவில் மிக நெருக்கமானவை. உயரமான கோபுரங்களில் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்துத்தான் பிரிக்க முடியும்.

ஏன் இத்தனை பாடு? கைகோத்து வரிசையாக நிற்கும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். 70 பாகையில் கொதிப்பது இரண்டு கைகளையும் நீட்டும் பிள்ளை, வரிசையை நீட்டும். 57 பாகையில் கொதிப்பதற்கு ஒரு கைதான், அது வந்து நின்றால் வரிசை அங்கே முடிந்துவிடும். 66 பாகைக்காரருக்கு மூன்று கைகள், வரிசை கிளை பிரியும். கலப்படம் சிறிதாக இருந்தாலும் கிடைக்கும் பொருள் மாறிவிடும். கிப்பிங்கின் குடுவைகளில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமான பசை வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

பிரித்த திரவம் தண்ணீரோடு சேர்ந்து வளையங்களாகவும், பின்னர் நீண்ட சங்கிலிகளாகவும் ஆகிறது. அதுதான் பசை. தனியாக விட்டால் எளிதில் கிழியும். மிக நுண்ணிய சிலிக்கா தூளைக் கலந்தால் வலுப்பெறும். அடுத்து, சங்கிலிகளை ஒன்றோடொன்று குறுக்கே பிணைத்துப் பதப்படுத்த வேண்டும். இயற்கை ரப்பரைக் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்துவதைப் படிவம் 5 வேதியியலில் படித்திருப்பீர்கள். சிலிகோனுக்குப் பழைய முறையில் பெராக்சைடு சேர்ப்பார்கள். அதன் எச்சங்களைச் சூளையில் வைத்துப் போக்க வேண்டியிருக்கும். உடலுக்குள் வைக்கும் சிலிகோனுக்கு இன்று பரவலாகப் பயன்படுவது பிளாட்டினம் வினையூக்கி. மிகச் சிறிய அளவே போதும். பிணைப்பு வினையில் கழிவுப் பொருளும் உண்டாகாது.

ஆனால் பிளாட்டினத்துக்குக் கந்தகம் ஆகாது. ரப்பர் கையுறைக்குப் பெயர்போன நம் மலேசியாவில் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது. கந்தகத்தால் பதப்படுத்திய இயற்கை ரப்பர் கையுறையை அணிந்து சிலிகோனைத் தொட்டால், தொட்ட இடம் இறுகாமல் பிசுபிசுத்தே நிற்கும். அதனால் இந்த வேலையில் அத்தகைய கையுறையைத் தவிர்ப்பார்கள்.

வடிவம் கொடுப்பதில் பல வழிகள் உண்டு. விரல் மூட்டு போன்ற சிறு பொருள்களை அச்சில் வார்க்கலாம். திரவ சிலிகோனின் இரண்டு பகுதிகளைக் கலந்து சூடான உலோக அச்சுக்குள் செலுத்தினால் சிறிது நேரத்தில் இறுகிவிடும். குழாய்களை முறுக்குப் பிழிவதுபோல் பிழிந்து, சூடான காற்றில் பதப்படுத்துவார்கள். மார்பகத்தின் உறைக்கு, கரைப்பானில் கரைத்த சிலிகோனில் ஓர் அச்சைப் பலமுறை முக்கி எடுத்து, ஒவ்வொரு படலமும் உலர்ந்தபின் உரித்தெடுப்பார்கள். பின்னர் உள்ளே கூழை நிரப்பி மூடுவார்கள்.

செயற்கை மூக்கு, காது போன்றவற்றைச் செய்வது தனிக் கலை. நோயாளியின் முகத்தை அச்செடுத்து, அதன்மேல் மெழுகில் மூக்கைச் செதுக்குவார் கலைஞர். மெழுகைச் சுற்றி ஜிப்சம் அச்சு ஊற்றி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் நிறம் சேர்த்த சிலிகோனை அடுக்கடுக்காக நிரப்புவார். நம் தோலில் ஒரே நிறம் இல்லை. கன்னத்தின் சிவப்பு, நரம்பின் நீலம், வெயில் பட்ட பழுப்பு எல்லாம் வேண்டும். அளவெடுக்க இப்போது கணினி வருடிகளும் முப்பரிமாண அச்சுப்பொறிகளும் உதவுகின்றன. நிறம் பொருத்துவதில் பயிற்சி பெற்ற கண்ணுக்கு இன்றும் வேலை இருக்கிறது.

உடலுக்குள் வைப்பவற்றை வார்ப்பதோடு வேலை முடிவதில்லை. தூசி கட்டுப்படுத்திய அறையில் செய்து, சூளையில் மீண்டும் பதப்படுத்தி, கழுவி, கிருமி நீக்க வேண்டும். உடலோடு ஒத்துப்போகிறதா என்பதை ஐ.எஸ்.ஓ. 10993 என்ற அனைத்துலகத் தரத்தின்படி சோதிக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் எண் உண்டு. எந்த மூலப்பொருள், எந்த நாள், எந்த வெப்பநிலை என்ற பதிவும் உண்டு.

பதிவு பொய்யானபோது

சிலிகோனின் வரலாற்றில் கசப்பான பக்கங்களும் இருக்கின்றன. மார்பகச் சாதனங்களின் பாதுகாப்புக்குப் போதிய சான்று இல்லை என்பதால், 1992இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அவற்றின் பயன்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. குவிந்த வழக்குகளால் 1995இல் டவ் கார்னிங் திவால் பாதுகாப்பு கோரியது. 1999இல் வெளிவந்த அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை, அந்தச் சாதனங்கள் உடல் முழுவதையும் பாதிக்கும் நோய்களை உண்டாக்குவதாகச் சான்று இல்லை என்று முடிவு செய்தது. ஆனால் உறை கிழிவதும் சுற்றியுள்ள திசு இறுகுவதும் உண்மையான பிரச்சினைகள் என்பதை அது மறுக்கவில்லை. 2006இல் புதிய நிபந்தனைகளோடு அனுமதி திரும்பியது.

அதைவிட மோசமானது பிரான்சில் நடந்தது. பி.ஐ.பி. என்ற நிறுவனம் அனுமதி பெற்ற மருத்துவத் தர சிலிகோனுக்குப் பதிலாக மலிவான தொழில்துறைச் சிலிகோன் கூழைத் தன் மார்பகச் சாதனங்களில் நிரப்பியது 2010இல் அம்பலமானது. காகிதத்தில் ஒரு பொருள், பீப்பாயில் வேறு பொருள். ஆய்வாளர்கள் வரும்போது உண்மை மறைக்கப்பட்டது. பல நாடுகளில் பல்லாயிரம் பெண்கள் அவற்றை உடலில் சுமந்துகொண்டிருந்தார்கள். 2013இல் அதன் நிறுவனருக்கு நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இந்த இடத்தில்தான் கிப்பிங் மீண்டும் நினைவுக்கு வருகிறார். எதிர்காலத்தைக் கணிப்பதில் அவர் தவறினார். தம் குடுவையில் இருந்ததன் மதிப்பையும் அவர் உணரவில்லை. ஆனால் குடுவையில் என்ன இருந்தது என்பதைப் பற்றி அவர் ஒருபோதும் பொய் எழுதவில்லை. விரும்பிய படிகத்தைப் பற்றி எழுதிய அதே நேர்மையோடு விரும்பாத பசையைப் பற்றியும் எழுதினார். அதனால்தான் கடல் கடந்து இன்னொருவர் அதைப் படித்துப் பயன்படுத்த முடிந்தது. பி.ஐ.பி. நிறுவனத்திடம் கிப்பிங்கிடம் இல்லாத அறிவும் கருவியும் இருந்தன. அவருடைய நேர்மை மட்டும் இல்லை.

அமெரிக்க வேதியியல் கழகம் சிலிக்கன் வேதியியலுக்கு வழங்கும் விருது இன்று கிப்பிங்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. விருதைவிட, ஆய்வகக் கையேட்டைத் திறந்து வைத்து உட்காரும் ஒவ்வொரு மாணவருக்கும் அவர் விட்டுச்சென்ற வழக்கம் பெரிது. பாடநூல் சொன்ன விடை வராதபோது வந்ததை வந்தபடியே எழுதுங்கள். அது யாருக்கு, எப்போது தேவைப்படும் என்பதை எழுதும்போது நம்மால் சொல்ல முடியாது. கிப்பிங்காலும் சொல்ல முடியவில்லை.